அழைத்தலுக்குச் சுங்கம் உண்டோ?

சென்னையிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லியை நோக்கிச் செல்வோர்க்குச் சாவடி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து எதிர்ப்படும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்பன அவை. சாவடி என்னும் சொல் தமிழில் இருமுகம் கொண்டது. வழிநடந்து களைத்தவன் அமர்ந்து, தண்ணீர் அருந்தி, இரவில் தலைசாய்த்து, காசு கொடாமலே மறுநாள் வழிதொடர இடந்தருவதும் சாவடியே. சாலைக்குக் குறுக்கே கட்டையை இறக்கி, பணம் வைத்தவனை விட்டு, வையாதவனை நிறுத்தி வைப்பதும் சாவடியே. அதனைச் சுங்கச்சாவடி என்கிறோம். ஒரு வாசல் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்பது, பல வேளைகளில், அறத்தைப் பற்றிய வினாவாகிவிடுகிறது.

அவ்வினாவை நாம் இங்கே எழுப்புவது ஒரு குறிப்பிட்ட வாசலைக் குறித்து. காட்டையும் காட்டுயிர்களையும் காப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்பும் இளைஞர் இன்று எளிய குடும்பங்களிலும் தோன்றுகின்றனர். அவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு, இன்டர்ன்ஷிப் என்று அவர்கள் வழங்கும் பயிற்சிப் பணி. சரணாலயத்திலோ ஆய்வு நிலையத்திலோ சில திங்கள் தங்கி, உழைத்துக் கற்பது அது; பெரும்பாலும் ஊதியம் இல்லாதது. ஊதியமின்றி உழைக்கும்படி ஓர் இளைஞரைக் கேட்பது முறைதானா? அவரே மனமுவந்து இசைந்துவிட்டால் அது முறையாகிவிடுமா? அன்பினால் செய்யும் பணிக்குக் கூலி பேசுவது அப்பணியையே சிறுமைப்படுத்துமா? இவற்றைச் சற்று நின்று சிந்திப்போம்.

வாசலின் அமைப்பு

காட்டுயிரியல் கற்பிக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. இந்தியக் காட்டுயிர் நிறுவனம் டேராடூனில் 1982இல் தொடங்கப்பட்டது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990 முதல் பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரால் ஓர் ஆய்வு மையம் இயங்கி வருகிறது. மயிலாடுதுறைக்கு அருகில் மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியும், உதகமண்டலத்து அரசு கலைக் கல்லூரியும் காட்டுயிரியலில் முதுகலைப் படிப்பை நடத்தி வந்துள்ளன. ஆயினும் பட்டம் மட்டும் போதுவதில்லை. வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிப்பவரிடம், களத்தில் எத்தனை நாள் இருந்தீர் என்றே முதலில் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. புத்தகத்தில் யானையைக் கண்டவர்க்கும், விடியுமுன் எழுந்து யானை சென்ற தடத்தில் நடந்தவர்க்கும் வேறுபாடு உண்டல்லவா?

அக்களப்பணி எத்தகையது என்பதை அறியாதோர் அதனை உல்லாசப் பயணமாகக் கருதுவர். உண்மை வேறு. குறித்த நேர்கோட்டுப் பாதையில் ஒவ்வொரு நாளும் ஒரே வேகத்தில் நடந்து, கண்ட மானை, கண்ட தொலைவை, கண்ட கோணத்தைக் குறிக்க வேண்டும். மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்களைத் தேடிச் சென்று மின்கலம் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் புலியின் விலாவரிகளை ஒப்பிட்டு, இது அதுதானா என்று பார்க்க வேண்டும். எச்சத்தைச் சேகரித்து, கழுவி, அதில் எஞ்சிய மயிரையும் எலும்பையும் கொண்டு விலங்கு தின்றது எதுவெனக் காண வேண்டும். முதலைப் பண்ணையாயின் தொட்டியைக் கழுவ வேண்டும். இரையை எடைபோட வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகள் காலைக் கவ்வும். இத்தனைக்கும் ஈடாகச் சில இடங்களில் உணவும் உறைவிடமும் தருவர். சில இடங்களில் சிறு உதவித்தொகையும் உண்டு. பல இடங்களில் சான்றிதழ் ஒன்றே கிடைக்கும். தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலோ, சரணாலயத்தில் உழைப்பதற்கு உழைப்பவரே பணம் கட்டும் வழக்கமும் பரவியிருக்கிறது.

இப்போது குமணன்சாவடியில் ஒரு வீட்டைக் கற்பனையில் கட்டிப் பார்ப்போம். தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் இயக்குபவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேர்கிறான். மகள் விலங்கியலில் பட்டம் பெற்று, ஆறு திங்கள் காட்டில் பயிற்சி பெற வாய்ப்பு வந்திருக்கிறது என்று கடிதத்தோடு நிற்கிறாள். மகனும் கற்றுக்கொள்பவனே, அவன் கைப்பட்ட முதல் இரும்புத் துண்டுகள் வீணாகலாம். எனினும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவனுக்கு உதவித்தொகை கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் அதன் குறைந்த அளவைக் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என வரையறுத்தன. 2016இல் வந்த ஒரு திட்டத்தின்கீழ் அத்தொகையில் ஒரு பங்கை நடுவண் அரசே ஏற்கவும் முன்வந்தது. மகளுக்கோ தொகை எதுவுமில்லை. பேருந்துக் கட்டணம், காலணி, மழைச்சட்டை, மருந்து, கைப்பேசிச் செலவு அனைத்தும் வீட்டின் பொறுப்பு. அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அவள் அந்த ஆறு திங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய சம்பளம்.

ஒரே கூரையின்கீழ் இருவர் தொழில் பழகுகின்றனர். இரும்பைக் கடையப் பழகுபவனுக்குச் சமுதாயம் கூலி தருகிறது. படைப்பைக் காக்கப் பழகுபவளிடம் அதே சமுதாயம் கூலி கேட்கிறது. இதற்கு நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்?

ஊதியமில்லாப் பணிக்காகச் சொல்லத்தக்கவை

எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது தகாது. அவர்கள் சொல்வனவற்றில் வலுவுடையவை மூன்று.

முதலாவது, இப்பணியில் செல்வம் இல்லை. ஆகவே அன்பு உடையவரே நிலைக்க முடியும். யாருக்கு அந்த அன்பு உண்டு என்று அறிவதற்கு, ஊதியமற்ற சில திங்கள் நல்ல சோதனை. இரண்டாவது, காட்டுயிர்களைக் காக்கும் தொண்டு நிறுவனங்களுள் பல தாமே நன்கொடையில் வாழ்பவை. பயிற்சிக்கு வருவோர் அனைவருக்கும் சம்பளம் என்றால் பயிற்சியே நின்றுபோகும். மூன்றாவது, இத்துறையின் வரலாறே கொடையின் வரலாறு. கூலி கேளாத மனிதர்களாலேயே இது வளர்ந்தது.

மூன்றாவது காரணத்தை நாம் மதிப்புடன் நோக்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் சனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இட்டு, மணலை மூடி, திரும்பிப் பாராமல் கடலுக்குச் சென்றுவிடும் தாய் அது. குஞ்சுகள் வெளிவரும் இரவில் நகரத்தின் விளக்கொளி அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். இதைக் கண்டு பொறாத கல்லூரி மாணவர் சிலர் 1988இல் ஒன்றுகூடி அமைத்ததே மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நள்ளிரவில் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணியை மாணவர் தலைமுறைகள் மாறிமாறிச் செய்து வருகின்றன. யாரும் கூலி கேட்டதில்லை.

சென்னைக் கல்லூரி மாணவியான ஜெ. விஜயா, பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராக வந்து சேர்ந்தவர். அங்கிருந்து தொடங்கிய பாதை அவரை முதலைப் பண்ணைக்கும், நாடெங்கும் ஆமைகளைத் தேடும் ஆய்வுக்கும் கொண்டு சென்றது. எழுபதாண்டு அளவில் அறிவியலார் கண்ணில் படாதிருந்த பிரம்பாமையை 1982இல் கேரளக் காட்டில் அவர் மீண்டும் கண்டறிந்தார். காட்டிலேயே குகையொன்றில் தங்கி அதனை ஆராய்ந்தார். 1987இல், முப்பது வயதை எட்டுமுன்னரே, மறைந்தார். 2006இல் அந்த ஆமைக்குத் தனிப் பேரினம் வகுத்த அறிஞர்கள், அவர் நினைவாக விஜயகெலிஸ் என்று பெயரிட்டனர். தன்னார்வலராகத் தட்டிய கதவு ஒரு பெண்ணை எத்துணை தொலைவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சாலிம் அலியின் வாழ்வும் அத்தகையதே. பெர்லினில் பறவையியல் பயின்று 1930இல் நாடு திரும்பியபோது அவருக்கு வேலை இல்லை. சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணிக்குத் தம் உழைப்பை விலையின்றித் தர அவர் முன்வந்தார். பயணச் செலவும் முகாம் செலவும் கிடைத்தால் போதும் என்றார். ஐதராபாத்திலும் பின்னர்த் திருவிதாங்கூர், கொச்சியிலும் அவர் நடத்திய ஆய்வுகளின்மீதே இந்தியப் பறவையியல் எழுந்தது.

இவர்களை வணங்குகிறோம். ஆனால் வணக்கத்திற்குரிய ஒன்றை விதியாக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதே நம் வினா.

கொடையும் சுங்கமும்

சாலிம் அலி உழைப்பைக் கொடுத்தார்; செலவைக் கேட்டார். இச்சிறு வேறுபாடு கருதத்தக்கது. உழைப்பை இலவசமாகத் தந்தவரும், தம் கையிலிருந்து பணம் போட்டு உழைக்க முன்வரவில்லை. குமணன்சாவடிப் பெண்ணிடம் இன்று கேட்கப்படுவது அதனினும் அதிகம்.

கடற்கரையில் நடந்த மாணவர்களோ, பகலில் கல்லூரிக்குச் சென்று, இரவில் நடந்தனர். அவர்கள் நடக்காமல் இருந்திருந்தாலும் அவர்களுடைய எந்த வாசலும் அடைபட்டிருக்காது. மறுக்கக்கூடிய நிலையில் இருந்தும் கொடுத்தமையால் அது கொடையாயிற்று. கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லப்படும் இடத்தில் கொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. சுங்கச்சாவடியில் பணம் செலுத்துபவனை நாம் வள்ளல் என்று அழைப்பதில்லை.

திருத்தூதர் பவுலின் நடைமுறை இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும். கொரிந்து நகரில் அவர் கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்துக்கொண்டு, நற்செய்தியை இலவசமாக அறிவித்தார். ஆனால் அந்நகரத்தார்க்கு எழுதிய முதல் மடலின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பொறுமையுடன் வாசிப்போர் ஒன்றைக் காண்பர். உரிமையைத் துறந்தேன் என்று சொல்லுமுன், அவ்வுரிமை தமக்கு உண்டு என்பதை அவர் நெடுக வாதிட்டு நிறுவுகிறார். போர்வீரன், திராட்சைத் தோட்டக்காரன், மந்தை மேய்ப்பவன் என்று ஒவ்வொருவராகச் சான்றுக்கு அழைக்கிறார். உரிமையை நிலைநாட்டிய பின்னரே அதை விட்டுக்கொடுக்கிறார். உரிமையே இல்லாதவனுடைய துறவு துறவாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்னும் நெறியை ஆண்டவர் கூறியதும் எழுபத்திரண்டு சீடரைப் பணிக்கு அனுப்பிய வேளையில்தான். அழைத்தலும் ஊதியமும் பகைப்பொருள்கள் என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடலாகாது.

அவரே இசைந்தார் அல்லவா என்னும் வாதத்திற்கும் விடை உண்டு. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் நிலையைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் இதனையே எதிர்கொண்டார். உழைப்பாளியும் முதலாளியும் மனமொத்துப் பேசிக்கொண்ட கூலியானாலும், அது சிக்கனமாக வாழும் உழைப்பாளியைத் தாங்கப் போதாததாயின் அந்த ஒப்பந்தத்திற்கும் மேலான நீதி ஒன்று மீறப்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. வேறு வழியின்மையால் தலையசைப்பவனுடைய இசைவு முழு இசைவு ஆகாது. ஆலையிலும் வயலிலும் பொருந்தும் இந்நெறி, மரங்கள் சூழ்ந்திருப்பதால் மட்டும் காட்டில் பொருந்தாமல் போகுமா?

இனி முதற்காரணத்திற்கு வருவோம். அன்பைச் சோதிக்க வேண்டும் என்பதை ஏற்கிறோம். அட்டையும் மழையும் தனிமையும் ஒரே பாதையில் நூறாவது முறை நடக்கும் சலிப்பும் அன்பைச் சோதிக்கப் போதுமானவை. பணமில்லாமை சோதிப்பது வேறொன்றை. ஆறு திங்கள் சம்பளமின்றி இருக்க இயன்ற வீட்டுப்பிள்ளை அச்சோதனையில் அன்பு இல்லாமலும் தேறிவிடலாம். இயலாத வீட்டுப்பிள்ளை எத்துணை அன்பிருந்தும் தோற்றுவிடும். தந்தையின் சேமிப்பை அளந்துவிட்டு, மகளின் உள்ளத்தை அளந்ததாகச் சொல்வது பிழையான தராசு.

காடு இழப்பது என்ன?

இதுவரை இளைஞர்க்கு நேரும் அநீதியைப் பேசினோம். இழப்பு அவர்களோடு நிற்பதில்லை. எவற்றைக் காக்க இத்தனையும் செய்கிறோமோ அவையும் இழக்கின்றன.

காட்டைக் காப்பது விலங்கை அறிவதோடு முடிவதன்று. காட்டின் ஓரத்தில் மனிதர் வாழ்கின்றனர். விறகு பொறுக்குபவள் உண்டு. ஆடு மேய்ப்பவன் உண்டு. யானை மிதித்த வயலில் நின்று அழும் உழவன் உண்டு. விறகடுப்பின் புகையையே அறியாத வீடுகளிலிருந்து மட்டும் காட்டுயிர் அறிஞர்கள் வருவார்களாயின், விறகு சுமந்து வரும் பெண் அவர்கள் கண்ணுக்கு எளிதில் குற்றவாளியாகத் தோன்றுவாள். அவளைத் தாயாகவும் அத்தையாகவும் அறிந்த ஒருவர் அக்குழுவில் இருந்தால், தண்டிக்குமுன் மாற்று எரிபொருளைப் பற்றி ஒரு கேள்வியாவது எழும். 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இழுவை வலைகளில் சிக்கி மூச்சடைத்தமையே காரணமெனப் பேசப்பட்டது. அந்த வலையை இழுப்பவனின் கடனையும், டீசல் செலவையும், அவன் எப்போது செவிசாய்ப்பான் என்பதையும் அவன் குப்பத்தில் பிறந்த பிள்ளையை விட நன்கறிந்தவர் யார்?

ஏழைகளின் அறிவுக்கு உரிய கூலி தந்தபோது நேர்ந்த நன்மைக்கு நம் கண்ணெதிரே ஒரு சான்று உண்டு. செங்கல்பட்டுப் பகுதியின் இருளர் பாம்பு பிடிப்பதில் நிகரற்றவர். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன; ஆனால் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டன. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சு பாம்புக்கடிக்கான மருந்தாகி நாடெங்கும் உயிர்களைக் காக்கிறது. பாம்பு பிழைக்கிறது, கடிபட்டவன் பிழைக்கிறான், இருளர் குடும்பமும் பிழைக்கிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்களிடம் முதலில் ஆறு திங்கள் சம்பளமின்றி வேலை செய்து உங்கள் அன்பைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால், இந்நன்மைகளுள் எது நடந்திருக்கும்?

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியைப் படைப்புடன் கொள்ளும் அமைதியைப் பற்றியே எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் பிரித்துக் கேட்க இயலாது என்று உணர்த்தினார். இவ்விரண்டையும் நாம் ஞாயிறு மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். ஏழையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு பூமியைக் காக்க முடியாது என்பது அவற்றிலிருந்து நேராகப் பிறக்கும் முடிவு.

குமணனும் நாகசாகி ஆயரும்

அப்படியாயின் செலவை யார் ஏற்பது? தொண்டு நிறுவனங்கள் ஏழ்மையானவை என்னும் இரண்டாவது காரணம் உண்மை. அதனை நாம் மறுக்கவில்லை. இங்கே தமிழ் மரபும் திருச்சபையின் மரபும் ஒருங்கே நமக்குத் துணைவருகின்றன.

குமணன் என்ற பெயரைக் கேட்ட தமிழ் நெஞ்சம் முதிரமலைத் தலைவனை நினையாதிருக்க இயலாது. நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் வாழ்ந்தவன் அவன். அங்கும் வறுமையோடு வந்து நின்ற பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமையால், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை எண்ணி வாளையே நீட்டினான் என்று புறநானூறு அவனைப் போற்றுகிறது. அவனைப் பாடிய மற்றொரு புலவர் பெருஞ்சித்திரனார். பசித்த பிள்ளைகளையும் வாடிய மனைவியையும் வீட்டில் விட்டு வந்தவர் அவர். எனினும் இளவெளிமான் மதியாது அளித்த சிறு பரிசை அவர் தொடவில்லை. குமணனிடம் யானை பெற்று, அதனை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிச் சென்றார்.

இக்கதை நமக்குச் சொல்வது என்ன? புலமை என்பது புலவனின் வீட்டுச் செலவில் வாழ்வதன்று. அதனால் பயன்பெறும் சமுதாயம் அதனைத் தாங்க வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். தாங்கும் முறையும் பெறுபவனின் தலை நிமிர்ந்திருக்கும்படி அமைய வேண்டும் என்று கருதினர். காட்டின் மொழியை நமக்குப் பெயர்த்துச் சொல்பவரும் ஒருவகைப் புலவரே.

திருச்சபையின் மரபிலோ இன்னும் நெருங்கிய சான்று உண்டு. 1889இல் ஜப்பானின் நாகசாகியில் பணியாற்றிய பிரெஞ்சு ஆயர் ஒருவர், பிரான்சின் கான் நகரில் வாழ்ந்த ஸ்தெபானி பிகார், ழான் பிகார் என்னும் தாய்க்கும் மகளுக்கும் கடிதம் எழுதினார். குருக்களாக விரும்பும் இளைஞர் வருகின்றனர், ஆனால் அவர்களைப் படிக்கவைக்கப் பணமின்றித் திருப்பி அனுப்ப நேர்கிறது என்பது அதன் துயரச் செய்தி. அத்தாயும் மகளும் அதனைத் தாங்கிக்கொள்ள முடியாமல் தொடங்கியதே, திருத்தூதர் பேதுருவின் பெயரால் உலகெங்கும் குருமாணவர்க்கு உதவும் கழகம். இன்றும் நம் ஆலயங்களில் இறையழைத்தலுக்காகக் காணிக்கை திரட்டுகிறோம். கூலித்தொழிலாளியின் மகன் குருமடத்தில் சேரும்போது, உன் தந்தையிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு அவன் அழைத்தலை அளப்பதில்லை. ஆண்டுக்கணக்காக அவனைச் சோதிக்கிறோம், கடுமையாகவே சோதிக்கிறோம், ஆனால் உணவளித்துச் சோதிக்கிறோம்.

இந்நெறி நமக்குப் புதிதன்று என்பதையே சொல்ல வருகிறோம். அழைப்பவர் உணவளிக்க வேண்டும். அழைத்தல் கட்டணமின்மையால் திரும்பிச் செல்லலாகாது. ஒரு வகை அழைத்தலுக்கு ஏற்றுக்கொண்ட இதனை, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி முதல் மனிதனுக்கே தரப்பட்ட பணிக்கு மறுப்பதற்கு நம்மிடம் காரணம் உண்டா?

செய்யக்கூடியவை

நிறுவனங்கள் பயிற்சியாளரின் எண்ணிக்கையைக் குறைத்தேனும், எடுத்துக்கொள்வோர்க்கு உணவும் உறைவிடமும் பயணச் செலவும் தருவதை வழக்கமாக்கலாம். பத்துப் பேரை வெறுங்கையுடன் வைத்திருப்பதினும் நான்கு பேரை மதிப்புடன் வைத்திருப்பது மேல். நன்கொடை தருவோர், கேமராவுக்கும் வண்டிக்கும் தருவதைப்போல மனிதர்க்கும் தருவதாக எழுதித்தரலாம். தொழிற்பழகுநர்க்கு அரசு செய்ததைக் காட்டில் பழகுவோர்க்கும் செய்யக் கேட்கலாம்.

பங்குகளில் உள்ள நாமும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. பள்ளிக் கட்டணத்திற்கும் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் உதவும் சபைகள் நம்மிடம் உள்ளன. ஆண்டுக்கு ஒரே ஓர் இளைஞருக்கு, ஒரு பயிற்சிக் காலத்தின் பேருந்துக் கட்டணத்தையும் வீட்டுக்கு ஒரு சிறு தொகையையும் ஏற்றுக்கொள்வது ஒரு பங்கிற்கு எட்டாத செயலன்று. அதைப் பிச்சையாகத் தராமல், திரும்பி வந்து பங்கின் சிறுவர்க்குத் தாம் கண்டதைக் கற்பிக்க வேண்டும் என்னும் கடமையோடு தரலாம். அவ்வாறு தரின் பெறுபவரின் தலையும் நிமிர்ந்திருக்கும்.

இளைஞர்க்கும் ஒரு சொல். வாசல் திறக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. குமணன்சாவடியிலிருந்து சிறிது தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்கிறது. குளிர்காலக் காலையில் அதன் கரையில் நின்றால் கூழைக்கடாவும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் காணலாம். ஒரு குறிப்பேடும் விடியலில் எழும் பழக்கமும் போதும். தமிழகமெங்கும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். அதில் சேர்வதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. அன்பு உண்டா என்று உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள அந்த ஏரிக்கரை நல்ல இடம். ஆனால் நாள்தோறும் பொழுதெல்லாம் உங்கள் உழைப்பை வேண்டுவோரிடம், என் உணவுக்கு என்ன வழி என்று கேட்க நாணாதீர்கள். அவ்வாறு கேட்பதால் உங்கள் அன்பு குறைந்துவிடுவதில்லை. பவுலே கேட்டார், கேட்ட பின்னரே விட்டுக்கொடுத்தார்.

பெற்றோர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. மகள் காட்டுக்குப் போகிறேன் என்றதும், பைத்தியமா என்று கேட்பதற்குமுன், அவள் அச்சத்தையும் உங்கள் அச்சத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுங்கள். அங்கே பாதுகாப்பு எப்படி, பொறுப்பாளர் யார், இரவில் தங்கும் இடம் எது என்று கேளுங்கள். அவை கேட்கத்தக்க கேள்விகள். வருவாய் என்ன என்பதும் கேட்கத்தக்கதே. ஆனால் அதற்கு விடை சொல்லும் கடமை அவளுக்கு மட்டும் உரியதன்று. அவள் காக்கப்போகும் காட்டின் நீரை அருந்தும் நம் அனைவருக்கும் உரியது.

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகளுக்குப்பின் இத்தகைய கடிதங்கள் எளிய வீடுகளுக்கு வருகின்றன. சில நாள் அலமாரியில் இருந்துவிட்டு, வேறொரு வேலைக்கான அழைப்பு வந்ததும் மறக்கப்படுகின்றன. அந்த வீட்டில் யாரும் தவறு செய்யவில்லை. தந்தை கணக்குப் பார்த்தார், மகள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவே. இந்த ஆண்டு நம் பங்கில் அத்தகைய கடிதம் ஏதேனும் ஒரு வீட்டில் இருக்கிறதா என்று விசாரிப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.